நொய்யல்: உப்புக் கணக்கு எழுதாத திட்டங்கள்

1992-ல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்றே கட்டிய அணை. சில ஆண்டுகள்தான் போயின. யாருக்காக அணை கட்டினார்களோ அந்த விவசாயிகளே, "தண்ணீரைத் தேக்காதீர்கள், மதகைத் திறந்தே வையுங்கள்" என்று மனு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயக்கழிவு அணையில் தேங்கியதுதான் காரணம். பாசன அணையைக் காலியாக வைக்கச் சொல்லி ஆயக்கட்டுக்காரர்களே கேட்பது அபூர்வம்.

இந்தக் கதையைச் சாயப்பட்டறைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த வழக்காகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்வியோடு பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. பொதுப்பணித் துறை அணைக்குத் திட்டம் போட்டது. தொழில் துறை ஏற்றுமதிக்குத் திட்டம் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு பட்டறையாக இசைவாணை வழங்கியது. குடிநீருக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஒரு பெரிய தண்ணீர்த் திட்டமும் வந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனியாக எடுத்துப் படித்தால் குறை சொல்ல அதிகமில்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே ஆற்றில் வந்து சேர்கின்றன என்பதை மட்டும் எந்தக் கோப்பும் எழுதவில்லை.

ஆறும் ஊரும்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலையடிவாரத்துக்கு மழை, வடகிழக்குப் பருவத்தில் கீழ்ப்பகுதிக்கு மழை. மற்ற மாதங்களில் ஆறு வறண்டுதான் கிடக்கும். அதனால்தான் பழைய காலத்திலேயே அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று தொடராக அமைத்தார்கள். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியே உபரி நீர் அடுத்த குளத்துக்கோ மறுபடி ஆற்றுக்கோ போகும். கோவையின் குறிச்சிக்குளம், உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தத் தொடரைச் சேர்ந்தவைதான். மேலே இருப்பவன் எடுப்பதும் விடுவதும் கீழே இருப்பவனைத் தொடும் என்ற கணக்கு அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

திருப்பூர் முதலில் வெள்ளை பனியன் ஊர். வெள்ளை பனியனுக்குச் சலவைப் பட்டறை போதும். 1980களில் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு வெளிநாட்டு வாங்குவோருக்கு வண்ண டி-ஷர்ட் தேவைப்பட்டது. பருத்திப் பின்னல் துணியில் நிறம் கெட்டியாக நிற்க ரியாக்டிவ் சாயம் வேண்டும். அந்தச் சாயம் வேலை செய்ய உப்பு வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும். கழிவை விடப் பக்கத்திலேயே ஓர் ஆறும் இருந்தது. நொய்யல் உட்பட குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த புதிய தொழில்கள் வரக்கூடாது என்று 1989-லேயே தமிழக அரசு ஆணை போட்டிருந்தது. அரசாணை எண் 213. ஆணை இருந்தும் பட்டறைகள் பெருகின. 2000களில் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் இயங்கின.

ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு

இந்தப் பிரச்சினையின் மையமே உப்புதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கழிவுநீர் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் படுவது நிறம். ஆறு ஒருநாள் சிவப்பாக ஓடியது, மறுநாள் நீலமாக ஓடியது என்று படம் போடுவார்கள். நிறத்தை எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. உப்பை எடுப்பது அப்படியில்லை.

தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் ஒரே வகை மின்சுமை, எதிர்மின்சுமை. அதனால் ஒன்றையொன்று தள்ளும். சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டினால் அந்த விலக்கம் தணிந்து சாயம் இழையை நோக்கிப் போகும். அடர் நிறமென்றால் ஒரு லிட்டர் சாய நீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குச் சுமார் 20 லிட்டர் சாய நீர் பிடிக்கும். லிட்டருக்கு 70 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ துணிக்கு 1,400 கிராம் உப்பு. துணியின் எடையைவிட உப்பின் எடை அதிகம்! பிறகு வந்த சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களில் 8 லிட்டர் போதும், உப்பும் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த அரைக் கிலோ துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் தள்ளிவிட்டு, கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது.

1990களின் பிற்பகுதியில் நீதிமன்ற உத்தரவுகளின் அழுத்தத்தில் திருப்பூரில் 8 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வசதியிருந்தவர்கள் தனித்தனியாகவும் கட்டிக்கொண்டார்கள். சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட் போட்டுச் சேற்றைப் படியவைப்பது, நிறத்தைக் குறைப்பது ஆகியவைதான் அந்த நிலையங்கள் செய்தவை. கரைந்த உப்பை அவை தொடவில்லை. சொல்லப்போனால் போட்ட ரசாயனத்தால் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு, கொஞ்சம் கூடவும் செய்தது. "சுத்திகரித்துத்தான் விடுகிறோம்" என்று பட்டறைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. "கிணறு உப்பாகிக்கொண்டே போகிறது" என்று விவசாயி சொன்னதிலும் பொய்யில்லை.

அடுத்து, விதி. ஆற்றில் விடும் கழிவுநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு உப்போடுதான் விட்டார்கள். சரி, ஒரு பேச்சுக்கு எல்லாப் பட்டறையும் அந்த வரம்புக்குள் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்குத் திருப்பூரில் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறியது. எட்டுக் கோடி லிட்டரை 2.1 கிராமால் பெருக்கினால் 168 டன். சட்டத்துக்கு முழுக்க உட்பட்டு நடந்திருந்தாலும், வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடாத ஓர் ஆற்றில் தினமும் பத்து டன் லாரியில் பதினேழு லோடு உப்பு கொட்டியிருக்கும்.

வட்டாரத் திட்டமிடல் எங்கே தவறியது என்று ஒரே இடத்தைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன். விதி, ஒரு லிட்டரில் எவ்வளவு உப்பு என்று கேட்டது. எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை, எத்தனை பட்டறை என்றும் கேட்கவில்லை. நூறாவது பட்டறைக்கு இசைவாணை வழங்கும்போது அதற்கு முன்னால் இசைவு பெற்ற தொண்ணூற்றொன்பதையும் கூட்டிப் பார்க்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. இதில் இன்னொரு வினோதமும் உண்டு. நல்ல தண்ணீரைக் கலந்து விட்டால் லிட்டர் கணக்கில் உப்பு குறைந்துவிடும், விதிக்குள் வந்துவிடலாம்! தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரை வீணாக்கச் சொல்லும் விதி அது.

அணை என்ன செய்தது

ஒரத்துப்பாளையம் அணையின் நீர்க்கணக்கு மழையையும் வெள்ளத்தையும் வைத்துப் போட்டது. அதே வருடங்களில் மேலே திருப்பூரில் பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்தன. ரகசியமாக நடந்த வேலையில்லை, ஊருக்கே தெரிந்த தொழில். ஆனால் அணை வடிவமைப்பில் வரத்து நீரின் அளவு இருக்கும், அதன் தரத்துக்கு இடமிருக்காது.

அணை இல்லாவிட்டால் வெள்ளத்தில் கொஞ்சம் உப்பாவது அடித்துக்கொண்டு காவிரிக்குப் போயிருக்கும். அணை வந்ததும் கழிவு தேங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. தேங்கிய நீர் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. சென்னிமலை, காங்கயம் பக்கத்தில் தென்னையும் மஞ்சளும் வைத்தவர்கள், கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்த்தவர்கள் என எல்லோருடைய கிணற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் பாய்ந்த மண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் நீர் சட்டென்று உள்ளே இறங்காது. திறந்துவிட்டால் கீழே கரூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு அடி, மூடிவைத்தால் அணையைச் சுற்றியிருப்பவர்களுக்கு அடி. ஆயக்கட்டுக்காரர்கள் நீதிமன்றப் படியேறியது இந்த நிலையில்தான்.

குழாயில் வந்த தண்ணீர்

இதற்கிடையில் இன்னொரு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரின் நிலத்தடி நீர் கெட்டுப்போனதால் பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விவசாயம் செய்வதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்ற நிலை சில ஊர்களில் இருந்தது. அதற்கு மாற்றாகத் தமிழக அரசு, ஐ.எல். & எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார்கள். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவரும் திட்டம். செலவு 1,023 கோடி ரூபாய். 2005-ல் தண்ணீர் வந்தது. தொழிலுக்கு அதிக விலை, வீடுகளுக்குக் குறைந்த விலை. பட்டறைக்காரர் கொடுக்கும் பணம் வீட்டுக் குழாயையும் தாங்கும் என்ற ஏற்பாடு. இந்தியாவில் தண்ணீர்த் துறையில் அரசும் தனியாரும் கைகோத்த முன்னோடித் திட்டம் என்று அன்றைக்கு நிறையப் பேசினார்கள்.

திட்டம் தன்னளவில் நன்றாகவே யோசித்த ஒன்று. ஆனால் ஒரு படுகையிலிருந்து இன்னொரு படுகைக்கு இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்தால், அதில் பெரும்பங்கு உப்போடு கழிவாக நொய்யலில்தான் இறங்கும். வரும் தண்ணீருக்கு முப்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். வெளியேறும் சாயக்கழிவுக்கு அப்படியொரு திட்டம் இல்லை.

அடுத்த வருடமே அந்தக் கணக்கு முட்டியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாதே என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் பட்டறை தன் கழிவுநீரையே ஆர்.ஓ.-வில் சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்தியாக வேண்டும். நூறு லிட்டரில் எண்பத்தைந்து, தொண்ணூறு லிட்டர் திரும்பக் கிடைக்கும். அப்புறம் அவர் பவானித் தண்ணீரை முன்போல ஏன் வாங்கப்போகிறார்? தண்ணீர் விற்கப் போட்ட திட்டமும் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தச் சொன்ன தீர்ப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பின்னாளில் குழாய் நீருக்கு எதிர்பார்த்த அளவு தொழில் தேவை இல்லாமல் கழகம் நிதிச் சிக்கலில் மாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிமன்றம் திட்டமிடும்போது

1996-ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீடித்த வளர்ச்சி என்பது சட்டத்தின் பகுதி, மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம்தான் பிறகு நொய்யல் விவசாயிகளின் நஷ்டத்தையும் மதிப்பிட்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று தீர்ப்பு சொன்னது. 2007 ஜூலை 31-க்குள் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை வெளியே விடவே விடாத நிலைக்கு வர வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 என்று ஏறும் கட்டணம். மேல்முறையீட்டில் 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மூன்று மாதம் கெடு கொடுத்தது. கெடு தாண்டியும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று, ஜீரோ டிஸ்சார்ஜ் வரும்வரை எல்லாச் சாயப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுங்கள் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

தீர்ப்பில் நியாயம் விவசாயிகள் பக்கம்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் கையில் இருப்பது திற, மூடு என்ற இரண்டு பொத்தான்கள்தான். எந்தத் தொழில் எங்கே இருக்கலாம், எத்தனை பட்டறையை இந்தப் படுகை தாங்கும், மூடினால் வேலை எங்கே போகும் என்பவற்றை அதனால் முடிவு செய்ய இயலாது. எதிர்பார்த்ததுதான் நடந்தது. துணியை வேறு ஊர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கினார்கள். பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. நொய்யலில் விழாத உப்பு காவிரிக் கரையில் விழுந்தது. வேலையிழந்த தொழிலாளிக்கு எந்த உத்தரவிலும் பத்தி இல்லை.

அதே 2011-ல் மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மறுபடி திறந்தன.

உப்பு இப்போது எங்கே

திருப்பூரின் ஜீரோ டிஸ்சார்ஜ் உண்மையான சாதனை. சிறு, நடுத்தரப் பட்டறைகள் சேர்ந்து பொது நிலையம் வழியாக இதைச் செய்துகாட்டியது பெரிய விஷயம். கழிவு முதலில் உயிரியல் முறையில் சுத்தமாகும், பிறகு ஆர்.ஓ. போகும். மிஞ்சும் கெட்டியான உப்பு நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சுவார்கள். சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் பயன்படுத்தினால், அந்த நீரைக் குளிர்வித்தாலே படிகமாகத் திரும்பக் கிடைக்கும், மறுபடி சாயத்தொட்டிக்கே போகலாம். தெளிந்த உப்பு நீரை அப்படியே தொட்டிக்குத் திருப்பும் முறையும் வந்தது. இதுதான் உண்மையில் கணக்கைச் சரிசெய்த படி.

மிச்சமும் இருக்கிறது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிலையங்களின் கொட்டகைகளில் சேர்கிறது. அபாயக் கழிவு என்பதால் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. வாங்குவாரும் இல்லை. ஆவியாக்கிகளுக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற எரியும் விறகு எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பது இன்னொரு கோப்பு. ஏற்கெனவே மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பை எடுப்பதோ யார் பொறுப்பிலும் இல்லை.

எழுத வேண்டிய கணக்கு

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டப் பகுதி என்ற ஏற்பாடு இருக்கிறது. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியது. ஆனால் மாவட்டக் குழு மாவட்ட எல்லையில் நின்றுவிடும், நொய்யல் நிற்காது. 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானபோது ஆற்றின் குறுக்கே இன்னொரு எல்லையும் சேர்ந்துகொண்டது. சாயக்கழிவு நின்ற பிறகும் மேலே கோவையின் வீட்டுக் கழிவுநீர் ஆற்றில் இறங்குகிறது. திருப்பூர் அருகே நல்லாற்றை நம்பியிருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்கும் வந்தது. பாதுகாப்பு எல்லை குளத்தோடு நிற்கிறது, நல்லாற்றின் நீர்ப்பிடிப்பு அதற்கு வெளியே இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை விநாடிக்கு 250 கன அடி வீதம் எழுபது நாட்களுக்கு, அதாவது 1.5 டி.எம்.சி., எடுத்து மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். 1,916 கோடி ரூபாய் செலவு. அரை நூற்றாண்டுக்கு மேல் மக்கள் கேட்டுப் பெற்றது, நிலத்தடி நீர் ஏறினால் பெரிய ஆறுதல்தான். இதிலும் அளவைப் பற்றிய கணக்குதான் துல்லியமாக இருக்கிறது. எந்தக் குளத்தில் ஏற்கெனவே என்ன கலந்திருக்கிறது, புதுத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு எந்தக் கிணற்றுக்குப் போகும் என்ற பட்டியலும் அதோடு சேர வேண்டும்.

இதற்குப் புதிய ஆணையம், புதிய கட்டடம் எதுவும் உடனே தேவையில்லை. சூலூர், மங்கலம், ஒரத்துப்பாளையம், நொய்யல் ஊர் ஆகிய நான்கு இடங்களில் மாதம் ஒருமுறை ஓடும் நீரின் அளவையும் டி.டி.எஸ்.ஸையும் சேர்த்து அளந்தால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை டன் உப்பு ஏறியது என்பது தெரிந்துவிடும். குளம், கிணறுகளுக்கும் பருவத்துக்கு ஒருமுறை அதே அளவீடு. புதிய பட்டறையோ புதிய குடியிருப்போ அனுமதி கேட்டு வரும்போது, அந்தப் பகுதியில் இன்னும் எத்தனை டன்னுக்கு இடமிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். நான்கு மாவட்ட ஆட்சியர்களும் ஒரே அட்டவணையைப் பார்க்க வேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்கும் இருக்க வேண்டும். அளக்கும் செலவு ஒரு ஆவியாக்கியின் விறகுச் செலவுகூட வராது. அட்டவணையை எந்தத் துறை வைத்திருப்பது என்பதில்தான் இழுபறி இருக்கும். அணையும் மதகும் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடம் இருப்பதால், அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.